பளபளத்த டைல்

இரண்டாயிரங்களில் விருத்தாசலத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளராக இருந்தேன். சின்னக் கண்ணாடிகளால் வெயிலை ஓரிடத்தில் குவித்து, அங்கே எவ்வளவு வெளிச்சம் சேர்கிறது என்று அளக்க முயன்றோம். குவியும் இடத்தில் வெள்ளை டைல் ஒன்றை நிறுத்தி, டிஜிட்டல் கேமராவில் படமெடுத்துக் கணக்கிடுவது என் யோசனை. பீங்கான் ஊரில் டைலுக்கா பஞ்சம்? இருப்பதிலேயே பளபளப்பானதை எடுத்தேன்.

கேமராவை இடம் மாற்றினால் கணக்கும் மாறியது. கண்ணாடிகள் சரியாகப் பொருந்தவில்லை என்று, அவற்றை மாட்டிய ஃபிட்டர் ஆரோக்கியத்தின் மீது எரிந்து விழுந்தேன். சித்திரை வெயிலில் மூன்று முறை அத்தனையையும் கழற்றி மாட்ட வைத்தேன்.

நான்காம் முறை சொன்னபோது ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, தான் முன்பு வேலை பார்த்த பீங்கான் சூளைக்குப் போனார். கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சு பூசாத, மங்கலான வெள்ளை டைல் ஒன்றோடு வந்தார்.

“உங்க டைலு மூஞ்சி பாக்கற கண்ணாடியாட்டம் ஒரே பக்கமா அடிக்குது சார். இது எங்க நின்னு பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கும்.”

வைத்துப் பார்த்தேன். கேமராவை எங்கே நகர்த்தினாலும் கணக்கு அசையவில்லை.

“முதல்லயே சொல்லியிருக்கலாமேங்க.”

“நீங்க கேக்கலியே சார்.”

அவர் விரல்களில் கொப்புளங்கள் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

இப்போதெல்லாம் அளவு தப்பினால் முதலில் நான் வைத்த டைலைத்தான் சந்தேகிக்கிறேன். பிறகு, பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிறேன்.