ஆயர் ஈத்தாம் மொட்டைமாடியில் எட்டு நிமிடம்

தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தோம். எனக்குப் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் சால்டர் வைக்கும், அதாவது ஈயம் உருக்கி வயர்களை ஒட்டும் வேலை. என் அண்ணனுக்கு ரேடியோ பைத்தியம். லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே ஊர் ஊராகப் பேசுவார். ரஷ்யர்களின் விண்வெளி நிலையம் பினாங்குக்கு மேலே கடக்கும்போது கூப்பிட்டால், உள்ளே இருப்பவர்கள் பதில் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனிதருக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒரு ஞாயிறு சாயங்காலம், அவரே அலுமினியக் குழாயில் செய்த ஆண்டெனாவை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனோம். நிலையம் வர இன்னும் இருபது நிமிடம். சோதித்துப் பார்க்க, எதிர்க்கரை பட்டர்வொர்த்தில் இருக்கும் நண்பரை ரேடியோவில் கூப்பிட்டார். அவர் குரல் வந்து வந்து அறுந்தது. ரேடியோ போச்சு என்று அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆண்டெனாவைப் பிடித்திருந்த நான் ஒன்றைக் கவனித்தேன். என் கை ஆண்டெனா வயரின் இணைப்பில் படும்போதெல்லாம் குரல் தெளிந்தது. ஃபேக்டரியில் தினமும் பார்க்கிற கோளாறுதான்.

"ரேடியோ நல்லாத்தான் இருக்குண்ணே. சால்டர் விட்டுருக்கு. நான் வைக்கிறேன்" என்றேன்.

ஓடிப்போய் சால்டரிங் அயன் எடுத்து வந்தால், மாடியில் கரண்ட் இல்லை! மேல்தளத்துச் சீன ஆன்ட்டியின் கதவைத் தட்டினேன். எங்கள் ரேடியோவால் தன் டிவியில் படம் கெடுகிறது என்று இரண்டு முறை சண்டைக்கு வந்தவர். மலாயில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். நீள வயர் ஒன்றை எடுத்துவந்து ஜன்னல் வழியே மேலே நீட்டினார். பிறகு தானும் ஏறி வந்து, காற்றில் சூடு ஆறாமலிருக்க என் பக்கத்தில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

ஈயம் உருகிப் பளபளவென்று பிடித்தது. நேரமும் ஆகிவிட்டது. நான் ஆண்டெனாவை மேற்கே திருப்ப, அண்ணன் கூப்பிட்டார். வெறும் இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். திடீரென்று, பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல, ஒரு ரஷ்யக் குரல் அண்ணனின் அழைப்புக் குறியைத் திருப்பிச் சொன்னது! நான் ஆண்டெனாவைக் குரல் போகும் திசைக்கெல்லாம் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

யார் அது என்று ஆன்ட்டி கேட்டார். வானத்தைக் காட்டினேன். "சாப்பிட்டாரான்னு கேளு" என்றார். அண்ணன் அதையும் கேட்டுவிட்டார். மேலேயிருந்து சிரிப்பு வந்தது. சூப் குடித்தாராம். ஆன்ட்டி திருப்தியாகத் தலையாட்டினார்.

எட்டே நிமிடம். குரல் கிழக்கே தேய்ந்து மறைந்தது. அண்ணனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"நீ இல்லன்னா இன்னைக்கு வெறும் இரைச்சல்தான்லா" என்றார்.

அதுவரை யாராவது என்ன வேலை என்று கேட்டால், "சும்மா ஃபேக்டரிதான்" என்று தலையைக் குனிந்துகொள்வேன். வேலையிலிருந்து நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் அன்று விட்ட அந்தச் 'சும்மா'வை நான் திரும்பச் சொன்னதே இல்லை.