பொட்டு வைத்த டிஸ்க்

மணியம்மா தேயிலைக் கூடை சுமந்துதான் மகன் குகனேஸ்வரனை எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி ஆக்கினார். எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரில், வேலை முடிந்ததும் அவன் கதை எழுதுவான். லோரி மோதி இறந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. பழைய டிஸ்க்கில் உள்ளதை நான் எடுத்துத் தருவேன் என்று கேள்விப்பட்டு, முப்பத்திரண்டு வருஷம் கழித்து, அவன் விட்டுப்போன ஒரே பிளாப்பி டிஸ்க்கோடு கம்போங் ராஜாவில் என் கடைக்கு வந்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. என்ன எழுதுனான்னு நீதான் படிச்சுக் காட்டணும்."

அலைந்து பிடித்த பழைய டிரைவை என் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டு, டிஸ்க்கை உறையிலிருந்து உருவினேன். ஆத்திரமாக வந்தது. உள்தகடு வெளியே தெரியும் திறப்பில், சரியாக டிரைவ் படிக்கிற இடத்தில், சந்தனமும் குங்குமமும் அடையாகக் காய்ந்திருந்தன. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும், மகன் நெற்றியில் வைப்பதுபோல் அவர் வைத்த பொட்டு. பதமாகத் துடைத்தும் தகடு அரித்துப் போயிருந்தது. ஓர் எழுத்துகூட வரவில்லை.

திட்ட வாயெடுத்தவன் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மலை ஈரத்துல கெட்டுப்போச்சும்மா," என்று பொய் சொன்னேன்.

அவர் டிஸ்க்கைத் துணியில் சுற்றினார்.

"பரவால்லலா. அடுத்த வாரம் ஆயுத பூசை. நீ தொடச்சுட்ட, பொட்டில்லாம இருக்கு பாரு. போய் வைக்கணும்."