குறையில்லை என்று வந்த சீட்டு

அடியார் படியேறி வரும்வரை யோகத்தில் அமர்ந்து காத்திருக்கும் சிங்கப்பிரானே, சோளிங்கர் மலைமேல் உறைபவனே, உன் திருவடி என் தலைமேல் இருக்கட்டும். இன்று உன்னிடமே ஒரு குறை சொல்ல வந்திருக்கிறேன், பொறுத்தருள்க. நீ கண் திறந்து நோக்கும் கார்த்திகைத் திங்களில், வளர்பிறை ஏகாதசியாகிய நன்னாளில் இதை எழுதுகிறேன்.

என் தாயார் ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தோல் தைத்தவர். அவருடைய வயிறு எப்போது முறுக்கும், எப்போது கழியும் என்று அவருக்கே தெரியாது. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போவார். பாலும் பயறும் தொட மாட்டார். பேருந்தில் கதவருகேதான் அமர்வார். அவர் வரிசையில் இருந்த அத்தனை பெண்களுக்கும் ஒரே ஒரு தோல் வில்லை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர் மட்டுமே கழிப்பறைக்குப் போகலாம்.

பள்ளி விடுமுறை நாளொன்றில் மதியக் கஞ்சி கொண்டுபோன என் கண்முன்னாலேயே மேற்பார்வையாளர் கேட்டார்: “இன்னாம்மா, மிசின்ல குந்தற நேரத்தவிட அங்க குந்தற நேரம் ஜாஸ்தியா கீதே? வாடகை இன்னா குடுக்கற?” வரிசையே சிரித்தது. “சீக்குன்னா டாக்டர்கிட்ட சீட்டு வாங்கினு வா. கதவாண்ட மிசின் தர்றேன், வில்லையும் வேணாம். சீட்டு இல்லன்னா வேலைய உட்டு நின்னுக்கோ.”

வேலூரில் ஒரு மருத்துவமனையில் சோதனைகள் நடந்தன. முடிவு வருவதற்கு முந்தைய ஞாயிறு சோளிங்கருக்குப் போனோம். அம்மா அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு படிகளுக்கு நடுவில் வயிறு முறுக்கினால் எங்கே போவது என்ற அச்சம். “எனக்கும் சேத்து வேண்டிக்கோடி” என்றார். அப்பாவுடன் ஏறிய நான், படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் இட்டு வேண்டினேன்: அம்மாவுக்கு ஒரு சீக்கும் இருக்கக் கூடாது.

பலித்தது. “குடல்ல புண்ணு இல்ல, கட்டி இல்ல. ரிப்போர்ட் எல்லாம் நார்மல். சந்தோஷமா போய்ட்டு வாங்கம்மா” என்றார் மருத்துவர்.

அம்மா எழவில்லை. “எதுனா ஒண்ணு இருக்கும் சார். இன்னொருவாட்டி நல்லா பாருங்க.”

“இல்லாத நோவ நான் எப்படிம்மா எழுதறது?”

வெளியே வந்ததும் அப்பா, பால்கோவாவில் செய்யும் மக்கன்பேடா வாங்கினார். “நான் அப்பவே சொன்னேனா இல்லியா? எல்லாம் மனசுதான். தின்னு.” அம்மா முழுவதையும் தின்றார். பள்ளிகொண்டா தாண்டியதும் பேருந்தை நிறுத்தச் சொல்லி வேலிகாத்தான் புதருக்குள் ஓடினார். நடத்துனர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். அப்பாவோ, “ஒண்ணுமில்ல, டாக்டரே சொல்லிட்டாரு” என்று பயணிகளுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து அமர்ந்த அம்மாவிடம், “நான்தாம்மா வேண்டிக்கினேன், உனக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு” என்றேன். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

“நல்லாத்தான்டி வேண்டிக்கின” என்றவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் மேற்பார்வையாளர், ஒரு குறையும் இல்லை என்று மருத்துவமனை கொடுத்த சீட்டை வரிசை முழுதும் கேட்கப் படித்தாராம். அன்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்ட அம்மா, அதன்பின் எந்தத் தொழிற்சாலையிலும் தையல் இயந்திரத்தின்முன் அமரவில்லை.

எனக்கும் அதே குடல்தான் வாய்த்திருக்கிறது. இப்போது அதற்கு ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல் நோய், என்று பெயர். சோதனைகளில் ஒன்றும் தென்படாமல் இருப்பதே அந்நோயின் இயல்பு என்று சொல்லி, என் மருத்துவர் நான் கேளாமலே அப்பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அதைக் கையில் வாங்கியபோது அழுதுவிட்டேன்; அவருக்குக் காரணம் விளங்கவில்லை.

படிக்குப் படி வேண்டிய அன்றைய சிறுமிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பெருமாள் தன் சொல்லைக் கேட்டார் என்பது மட்டுமே அவளுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறே மறுபடி மலையேறி, நன்றி சொல்லித் தேங்காய் உடைத்தாள். அந்தப் பிரசாதத்தை அம்மா ஏன் கைநீட்டி வாங்கவில்லை என்று கோபித்து அவள் இரண்டு நாள் அம்மாவோடு பேசாமல் இருந்தாள்.

இதை வாசிப்போர் அனைவரும் வயிறு நோகாது வாழ்க. நோவுற்றோர்க்கு, அதை நோவென்று நம்பும் ஒருவர் தம் வீட்டிலேயே வாய்க்கச் சிங்கப்பிரான் அருள்க.