டெனுசன் ஓடிய ஐந்து வருடங்கள்

என் அக்கா மெற்றில்டாவின் மகன் டெனுசன் ஆடியது அமெரிக்கன் ஃபுட்போல். மோர்டனில் எங்கள் மாதா கோயில் ஆட்களுக்கு அதை விளக்கி விளக்கியே களைத்துப்போனேன். காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரே வருகிற தடியன்கள் பாய்ந்து விழுத்துவார்கள். அப்படி ஓடுகிறவனுக்கு ரணிங் பாக் என்று பெயர். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமும் அவனைப்போல் ஓட ஆள் இருக்கவில்லை. இறுதியாட்டத்தில் நான்கு முறை எல்லைக்கோட்டைத் தாண்டினான். தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

அந்த ஆட்டம் முடியும் நேரத்தில் தலையில் பலத்த அடி. எந்த மைதானத்தில் நிற்கிறோம் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. அதற்கு முன்பும் இரண்டு தடவை அடிபட்டு வந்து வீட்டில் சத்தி எடுத்திருக்கிறான். அத்தான் இறந்தபின் அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவன் நான். வாளியைக் கழுவியவனும் நான்தான்.

ஜெர்மனியில் ஒரு தொழில்முறைக் கழகம் அவனை எடுக்கக் காத்திருந்தது. அவன் ஆடலாம் என்று டொக்டரின் கடிதம் ஒன்றுதான் தேவை. வீட்டில் இருக்கும் ஒருவரையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார் டொக்டர். காரில் போகும்போது டெனுசன் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்.

“மாமா, முந்தி நடந்ததையும் நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னா பயந்திட்டான் எண்டு டீமில நினைப்பாங்கள். எனக்குத் தலை ஏலாமல் கிடக்கு.”

தலையாட்டினேன். ஆனால் புறப்படும்போது வாசலில் அக்கா சொல்லிவிட்டது வேறு. அவன் தங்கை ஜெஸ்ரினுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். தமையனுக்குத் தலையில் கோளாறு என்று வெளியே தெரிந்தால் குடும்பத்துக்கே விசர் என்று கதை கட்டுவார்கள், வாய் திறக்காதே என்றாள். எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முன்பு எப்போதாவது இப்படி நடந்ததா என்று டொக்டர் என்னைக் கேட்டார். டெனுசனும் என்னைப் பார்த்தான். இல்லை, இதுதான் முதல்தடவை என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜெர்மனியில் முதல் வருடம் கொடிகட்டிப் பறந்தான். கழகத்தின் சிறந்த ஆட்டக்காரன் என்று கேடயம் கொடுத்தார்கள். பூசை முடிவில் சுவாமியார் அவன் பெயரைச் சொல்ல, கோயிலே கைதட்டியது. வெட்கம்கெட்ட நானும் தட்டினேன். இரண்டாம் வருடம் ஏழாவது ஆட்டத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் மோதினார்கள். பதினொரு நாள் அவன் கண் திறக்கவில்லை.

இப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. சேர்ட்டுக்குப் பொத்தான் பூட்டிவிடுவது நான்தான். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. சில நாள் என்னைக் கண்டதும் ஆத்திரம் வந்து கையில் அகப்பட்டதை எறிவான். டொக்டரிடம் போன அந்த நாள் அவனுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

ஜெஸ்ரினின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. போன ஞாயிறு அவளுடைய மாமியார் டொலறஸ் டெனுசனைப் பார்க்க வந்தார். நல்ல மனுசி. அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தவர், பேச்சோடு பேச்சாக ஒரு பழைய விசயம் சொன்னார். கல்யாணம் பேச வருவதற்கு முன்னரே, அவன் கோயில் வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்ததைக் கண்டாராம். மட்ச்சில் அடிபட்டது, இரண்டாம் தடவை என்று அவனே சொன்னானாம்.

“எங்களுக்கு அப்பவே தெரியும். அதுக்கென்ன? நாங்கள் ஜெஸ்ரினைத்தானே கேட்டு வந்தனாங்கள்” என்றார்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எழும்பிப் போய் டெனுசனின் கையைப் பிடித்தேன். அவன் கையை இழுத்துக்கொண்டான்.