நான் செய்த கழுதை

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சர்ச்சில் கிறிஸ்மஸ் குடிலில் நிற்கும் களிமண் கழுதையைப் பூனை தள்ளி உடைத்துவிட்டது. சர்ச்சுக் கூட்டத்தில், தலவாக்கலை டவுனில் பிளாஸ்டிக் கழுதை ஒன்று வாங்கலாம் என்றார்கள். "வேணாங்க, மரத்துல நான் செஞ்சு தர்றேன்" என்று நான் வாயை விட்டுவிட்டேன். கொழுந்து பறிக்கிறவள் சிலை செய்வதா என்று என் வீட்டுக்காரர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. செய்யாமல் விட்டால் அந்தத் தோட்டத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

வீட்டுக்காரர் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். முதலில் அவருடைய கத்தியை எடுத்துப் பார்த்தேன். ஒரே வீச்சில் கிளையைச் சாய்க்கிற கத்தி, கழுதைக்குக் காது செதுக்குமா? என் விரலைத்தான் பதம் பார்த்தது. பஸ் ஏறித் தலவாக்கலைக்குப் போனேன். ஹார்ட்வெயார் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன், "வீட்டுக்காரருக்கா தங்கச்சி?" என்று கேட்டபடி, கதவு வேலைக்கான பெரிய உளியை எடுத்து வைத்தார். "எனக்குத்தான் நானா, சின்னதா குடுங்க" என்றேன். விரலகலத்தில் தட்டை உளி ஒன்று, வாய் வளைந்தது ஒன்று. கைப்பிடி உள்ளங்கையில் அடங்குகிறதா என்று பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

மரம் எனக்குத் தெரியும் என்ற திமிர் இருந்தது. எத்தனை வருஷமாக விறகு வெட்டுகிறேன்! அன்றைக்கு வெட்டிய சவுக்கில் ஒரு துண்டை எடுத்தேன். பச்சை மரம், உளிக்கு இழைந்து கொடுத்தது. நாலே நாளில் கழுதை நின்றது. ஈரம் போகட்டும் என்று, விறகைக் காயவைக்கிற மாதிரியே, அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினேன். மூன்றாம் நாள் இறக்கினால் மூக்கிலிருந்து வால்வரை வெடித்துக் கிடக்கிறது. விறகு வெடித்தால் யாருக்கு என்ன, கழுதை வெடித்தால்? "நல்லா எரியும், அடுப்புல போடு" என்றார் வீட்டுக்காரர். அன்று அவருக்குச் சோறு போட்டேன், பேச்சுக் கொடுக்கவில்லை.

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சர்ச்சுக் கூரையை மாற்றியபோது கழற்றி, மழை படாமல் அடுக்கியிருந்த பழைய உத்தரத் துண்டுகளைப் போய்ப் புரட்டினேன். கனமாக இருக்கக் கூடாது, முடிச்சு இருக்கக் கூடாது, தட்டினால் டொக்கென்று கேட்க வேண்டும், நகம் போட்டால் கோடு விழ வேண்டும். அப்படி ஒன்று கிடைக்க ஒரு மத்தியானம் போனது. இந்தத் தடவை நார் ஓடுகிற பக்கமாகவே, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். ஒரு காது குட்டையாகிவிட்டது. இருக்கட்டும், கழுதைதானே.

கிறிஸ்மஸ் காலைப் பூசை முடிந்ததும், பூசை வைக்க டவுனிலிருந்து வந்திருந்த ஃபாதர் குடிலுக்கு முன்னால் குனிந்து, "இந்தக் கழுதைய எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "வாங்கல ஃபாதர், வீட்டுல செஞ்சது. நான்தான் நல்ல மரமா பாத்துக் குடுத்தேன்."

வந்ததே எனக்குக் கோபம்! சர்ச் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "மரமும் நான்தான் பாத்தேன் ஃபாதர். உளியும் நான்தான் வாங்கினேன். செஞ்சதும் நான்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் அசடு வழிந்தார். நான் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் கிலோ கிலோவாகக் கொழுந்து பறித்திருக்கிறேன். எந்தக் கோப்பையில் இருப்பது என் கை பறித்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. அந்தக் கழுதையை யார் செய்தது என்று ஃபாதருக்குத் தெரியும்.