நான்கு தலையணை

சிங்கப்பூரில், ஈசூனில் பத்தாவது மாடி வீட்டுக்குக் குடிவந்த புதிதில் என்னைப் பயமுறுத்தியது அமைதிதான். ஊரிலிருந்து படிப்பவர்கள் சிரிக்கலாம். விளக்கணைத்துவிட்டால் அந்த அடுக்குமாடியில் என் மூச்சிரைப்பு ஒன்றுதான் சத்தம். திண்டுக்கல்லில் எனக்கு இழுப்பு வந்தால் வீடே எழுந்துவிடும். ஒருவர் வெந்நீர் வைப்பார், ஒருவர் முதுகைத் தடவுவார், மறுநாள் எல்லோரும் தாமதமாக எழுவோம். இங்கே எழுவதற்கு இருந்தவர் என் கணவர் ஒருவர்தான். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கண்ணயர்ந்தால் கீழே நிற்பவன் தலையில் சரக்குப் பெட்டி இறங்கும். அதனால் அவர் தூங்கியதும் நான் கூடத்து நாற்காலிக்குப் போய், வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே விடியவைப்பேன்.

அப்படியும் அவருக்குக் கேட்கத்தான் செய்தது. ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "இன்னைக்கு கிரேன்ல கண்ணு சொக்கிருச்சு மேரி. ஃபோர்மேன் கத்துனதுலதான் முழிச்சேன்." பிறகு பொத்தானை அவிழ்த்துக்கொண்டே, "நீ கொஞ்ச நாள் ஊர்ல இருந்துட்டு வாயேன்" என்றார். கோபமில்லாமல் சொன்னதுதான் எனக்குத் திகிலாக இருந்தது. உடம்புக்கு முடியவில்லை என்று ஊருக்கு அனுப்பப்பட்ட இரண்டு பெண்களை எனக்குத் தெரியும். இருவரும் மறுபடி விமானம் ஏறவில்லை.

மறுநாள் தனியாக அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். சீன டாக்டரம்மா எனக்குப் புரியட்டும் என்று மெதுவாகக் கேட்டார்: "ஸ்லீப்பிங், ஹவ் மெனி பில்லோஸ்?" பில்லோ என்றால் தலையணை என்று தெரியும். வீட்டுச் சாமானை எதற்கு விசாரிக்கிறார் என்றுதான் தெரியவில்லை. கட்டிலில் இரண்டு, விருந்தாளிக்கென்று அலமாரியில் இரண்டு. "ஃபோர்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என் கால்களை அமுக்கிப் பார்த்தார். "ஹார்ட்" என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

அந்த வாரம் இருவருமே தூங்கவில்லை. ஊருக்குப் போகும் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுக் கூடவே வந்தார். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்து முடித்த பிறகு தமிழ் நர்ஸ் ஒருவர் வந்தார்.

"ஹார்ட் நல்லாத்தான் இருக்குலா. நாலு தலையணை அடுக்கியா படுக்குறீங்க?"

"அடுக்குறதா? எங்க வீட்ல இருக்கிறதே நாலுதான் சிஸ்டர்."

அவர் சிரிக்கவில்லை. "படுத்தா மூச்சு முட்டுதான்னு தெரிஞ்சுக்கத்தான் அப்படிக் கேப்பாங்க. நெசமா எப்படித் தூங்குறீங்க?"

"உக்காந்துதான்."

"தினமுமா?" என்று கேட்டது என் கணவர்.

ஆமென்று தலையசைத்தேன். நர்ஸ் அவரைப் பார்த்தார். "ராத்திரி வீட்ல ஏதும் கொளுத்துறீங்களா?"

"கொசுவத்தி. இவளைக் கடிக்கக் கூடாதுன்னு கால்மாட்டுல நான்தான் வைப்பேன்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

அன்றோடு கொசுவத்தி நின்றது. வாயில் வைத்து உறிஞ்சும் மருந்தும் கொடுத்தார்கள். இழுப்பு அடியோடு போகாது, கூடவேதான் இருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, படுத்தபடியே எனக்கு விடிந்தது. கண்ணைத் திறக்காமல் இடப்பக்கம் கையை நீட்டி, திண்டுக்கல் வீட்டுச் சுவரைத் தேடினேன். கை கணவரின் தோளில் பட்டது. இவர் எப்போது எங்கள் வீட்டுக்கு வந்தார் என்று நினைத்தேன். நாற்காலியில் விழித்திருந்த இரவுகளில் இது சிங்கப்பூர் என்பதை ஒரு நிமிடமும் மறந்ததில்லை. இப்போது எங்கே படுத்திருக்கிறேன் என்றே தெரியவில்லை. கையையும் எடுக்காமல், கண்ணையும் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.