கேம்ப் ரோட்டில் ஒரு வீடியோ கால்

மத்தியானத்துக்கு மேல் எங்கள் டெமோ போனில் பஜ்ஜி வாசனை அடிக்கும்...

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு சின்ன மொபைல் ஷோரூம். பக்கத்திலேயே டீக்கடை. டீ குடித்துவிட்டுக் கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டே உள்ளே வருவார்கள். டச் ஸ்கிரீன் போன் அப்போதுதான் எங்கள் பக்கம் வர ஆரம்பித்திருந்தது. வாங்க வருகிறவர்களைவிடத் தடவிப் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். டிகிரி முடித்த கையோடு சேல்ஸில் சேர்ந்த எனக்கு, அந்தக் கண்ணாடியைத் துடைப்பதே பாதி வேலை.

"பட்டன் எங்கம்மா கீது?" என்பார் ஒருவர். இன்னொருவர் காலிங் பெல் மாதிரி அழுத்துவார். போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினால் சிரிப்பார்கள். "எல்லாம் நல்லாத்தான் கீது. கீழ போட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டுவிட்டுப் பழைய பட்டன் போனையே வாங்கிக்கொண்டு போவார்கள்.

முன்பக்க கேமராவைப் பற்றி மட்டும் யாருமே கேட்டதில்லை. மேனேஜர் சாரே சொல்வார்: "மூஞ்சிய பாத்துக்க வீட்ல கண்ணாடி இருக்கு. பின்னாடி இருக்கற கேமராவ காட்டும்மா."

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேர் வந்தார்கள். பக்கத்து ஸ்கூலில் டீச்சராக இருந்த எஸ்தர் அக்கா, அவர் தங்கை ஸ்டெல்லா, ஸ்டெல்லாவின் கணவர் டேவிட்.

"இவங்க ரெண்டு பேருக்கும் காது கேக்காதும்மா. கையாலதான் பேசிப்பாங்க" என்றார் அக்கா.

டேவிட் திருமுடிவாக்கத்தில் வெல்டர். புனேயில் நல்ல வேலை கிடைத்திருந்தது. ஸ்டெல்லா மாசமாக இருந்தாள். கூடப் போக முடியாது.

"போறதா வேணாமான்னு வீட்ல ஒரே சண்டை. எஸ்.எம்.எஸ்.ல எவ்ளோதான் பேசறது... இதுல ஆளையே பாத்து பேசலாமாமே. அத பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு கூட்டிட்டு வந்தேன்."

இரண்டு டெமோ போனை எடுத்து, கடையின் இந்த மூலையில் ஸ்டெல்லாவையும் அந்த மூலையில் டேவிட்டையும் நிறுத்தினேன். படம் வந்தது. வந்த வேகத்தில் உறைந்தும் போனது. டேவிட்டின் கை காற்றில் அப்படியே நின்றது.

"பாதி வார்த்தைல நின்னுடுச்சுன்னு சொல்றா" என்றார் அக்கா.

டேவிட் போனை மெதுவாக கவுன்ட்டரில் வைத்துவிட்டார். ஸ்டெல்லா அவரைப் பார்க்காமல் கதவைப் பார்த்தாள். எனக்கு என்னமோ போலாகிவிட்டது.

"உள்ள டவர் கம்மிக்கா. வெளிய போய் பாக்கலாம்" என்றேன்.

"டெமோ பீஸ் வெளிய போகக் கூடாது" என்றார் மேனேஜர்.

"அஞ்சு நிமிஷம் சார்." பதிலுக்கு நிற்காமல் இறங்கிவிட்டேன்.

அக்காவும் ஸ்டெல்லாவும் பஸ் ஸ்டாப் பக்கம் போனார்கள். நானும் டேவிட்டும் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றோம். இந்தத் தடவை படம் தெளிவாக வந்தது. ஆனால் யாரும் யோசிக்காத ஒன்று... ஒரு கையில் போனைப் பிடித்தால் பேசுவதற்கு ஒரு கைதான் மிச்சம். டேவிட் முயன்று பார்த்தார். திரையில் ஸ்டெல்லா புரியவில்லை என்று தலையாட்டினாள்.

அவர் என்னைப் பார்த்தார். போனை வாங்கி, சலூனில் கண்ணாடி பிடிப்பதுபோல அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அந்தப் பக்கம் அக்கா பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலக் கேம்ப் ரோடு எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பஸ் ஹாரன், ஷேர் ஆட்டோக்காரரின் கூப்பாடு. நான் பேசினால் எனக்கே கேட்காது. அவர்கள் இரண்டு பேரும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். விரல், புருவம், கன்னம் எல்லாம் பேசியது. டேவிட் தன் வயிற்றைத் தொட்டு ஏதோ கேட்டார், அவள் சிரித்தாள். அப்புறம் அவர் கையைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டே நின்றார். புறங்கையால் கண்ணைத் துடைத்தார். ஒட்டுக் கேட்பதுபோல இருந்ததால் நான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கை வலித்தது. இறக்க மனசு வரவில்லை.

கடைக்குத் திரும்பி இரண்டு புதுப் போன் வாங்கிக்கொண்டார்கள். பேக் பண்ணும்போது ஸ்டெல்லா ஏதோ கேட்டாள்.

"அங்க போனா இவருக்கு யாரு புடிச்சிப்பாங்கன்னு கேக்கறா."

ஷோகேஸில் போனைச் சாய்த்து வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டாண்டு இருந்தது. இரண்டை எடுத்துப் பையில் போட்டேன்.

"அது டிஸ்ப்ளேக்கு வந்தது. விக்கறதுக்கு இல்ல" என்றார் மேனேஜர்.

"நான் விக்கல சார்."

கொஞ்ச நேரம் முறைத்தார். "கம்பெனி ஆளு வந்து கேட்டா நீயே பதில் சொல்லு" என்று பில்லைப் போட்டார். யாரும் வந்து கேட்கவில்லை.

சில மாதம் கழித்து அக்கா ரீசார்ஜ் பண்ண வந்தார். பெண் குழந்தையாம். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் போனை ஸ்டாண்டில் நிறுத்தி வைக்க, டேவிட் புனேயிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

"நாங்க ஜெனிஃபர்னு வெச்சோம். ஆனா அவங்க கூப்பிட கையாலயே ஒரு பேரு வேணும்ல... அத டேவிட்தான் அங்கருந்தே வெச்சாரு."

ஆள்காட்டி விரலால் தாடையை இரண்டு தரம் தொட்டுக் காட்டினார். குழந்தைக்கு அங்கே ஒரு குழி விழுமாம். நானும் கவுன்ட்டரில் நின்றபடி அப்படியே செய்து பார்த்தேன்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. எனக்கு இப்போது பள்ளிக்கரணைப் பக்கம் ஆபீஸ், டீம் லீட். நாள் முழுக்க வீடியோ மீட்டிங். வீடியோ என்று பேர்தான், எல்லாரும் கேமராவை ஆஃப் பண்ணி வைத்திருப்பார்கள். கறுப்புக் கட்டங்களைப் பார்த்து "நான் பேசறது கேக்குதா?" என்று கேட்டுக் கேட்டே தொண்டை வறண்டுபோகும். வீட்டுக்கு வந்தால் கண் எரிகிறது.

கணவருக்கு பெங்களூரில் வேலை. தினமும் கால் உண்டு. "சாப்டியா?" "ம்." "அப்புறம்?" அவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டே பேசுவார். நான் லேப்டாப்பில் மெயிலுக்குப் பதில் அடித்துக்கொண்டே கேட்பேன். குறையாகச் சொல்லவில்லை... இரண்டு பேருக்குமே அலுப்பு.

நேற்று பேச்சு நடுவில், "ரொம்ப டயர்டா தெரியற" என்றார்.

நிமிர்ந்தேன். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

லேப்டாப்பை மூடிவிட்டு, "நீங்களும்தான்" என்றேன்.